பரிசு அட்டைவழி இணையக் கொள்முதல்

பரிசு அட்டைவழி இணையக் கொள்முதல் என்பது, முன்கூட்டியே பணம் செலுத்திப் பெறப்பட்ட பரிசு அட்டையைக் கொண்டு இணையக் கடைகளில் பொருள்களையும் சேவைகளையும் வாங்கும் முறை ஆகும். கடனட்டை, பற்று அட்டை ஆகியவை ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் பெயருக்கும் முகவரிக்கும் உரியவை. பரிசு அட்டை அவ்வாறானதன்று. அதை வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் மற்றொருவர். பெரும்பாலும் அட்டையில் பெயர் எதுவும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. ஆயினும் இணையக் கடைகள், பணம் பெறும் முன்னர் பெயர், கதவு எண், தெரு, ஊர், மாநிலம், அஞ்சல் குறியீட்டு எண், கைபேசி எண் ஆகியவற்றைக் கேட்கின்றன. இவ்விவரங்களின் தொகுப்பு கடைகளின் பக்கங்களில் "பில்லிங் முகவரி" என வழங்கப்படுகின்றது. தமிழில் இதனைக் கட்டண முகவரி எனலாம்.

முகவரியற்ற அட்டைக்கு எந்த முகவரியை எழுதுவது என்பது பரிசு அட்டையைப் பெறுவோர் பலருக்கும் எழும் ஐயம் ஆகும். முகவரி எதற்காகக் கேட்கப்படுகின்றது என்பதை அறிந்தால் இவ்வையம் நீங்கும். இக்கட்டுரை இந்தியாவில் உள்ள விதிகளின் அடிப்படையில், தாம்பரம் மற்றும் சென்னையின் தெற்குப் புறநகர்ப் பகுதிகளின் முகவரிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

பெயர்

பரிசு அட்டை, பரிசுக் கூப்பன், பரிசு வவுச்சர் ஆகிய பெயர்கள் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. நெகிழி அட்டையாக வருவது மட்டுமன்றி, மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வரும் எண் தொடரும் பரிசு அட்டையாகவே கொள்ளப்படுகின்றது. பரிசு அட்டையைப் பரிசுச்சீட்டு எனப்படும் லாட்டரிச் சீட்டுடன் குழப்பிக்கொள்ளலாகாது. பரிசுச்சீட்டு விற்பனை தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. பரிசு அட்டையில் குலுக்கல் எதுவும் இல்லை. செலுத்திய தொகையே அதன் மதிப்பு ஆகும்.

வரலாறு

பணத்தைப் பரிசாக அளிக்கும் வழக்கம் தமிழரிடையே மொய் என்னும் பெயரில் நெடுங்காலமாக உள்ளது. மொய் எழுதும்போது கொடுப்பவரின் பெயரும் ஊரும் தொகையும் மொய் நோட்டில் பதியப்படுகின்றன. பரிசு அட்டையில் இதற்கு நேர்மாறாக, தொகை மட்டுமே பதிவாகின்றது.

கடைகள் வழங்கிய தாள் வடிவப் பரிசுக் கூப்பன்களுக்கு மாற்றாக, 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் காந்தப் பட்டை கொண்ட நெகிழி அட்டைகள் அறிமுகமாயின. ஒளிப்பேழைகளை வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டர் நிறுவனம் இத்தகைய அட்டைகளைத் தன் கடைகளில் காட்சிக்கு வைத்து விற்ற முன்னோடி நிறுவனங்களுள் ஒன்றாகும். 2001 இல் ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடைகளின் அட்டை வெளிவந்தது.

இந்தியாவில் பரிசு அட்டைகளுக்கான தொழில்நுட்பத்தை வழங்கும் குவிக்சில்வர் நிறுவனம் 2006 இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. இந்நிறுவனத்தைப் பைன் லேப்சு நிறுவனம் 2019 இல் வாங்கியது. ஃபிளிப்கார்ட் 2007 இலும், அமேசானின் இந்தியத் தளம் 2013 இலும் தொடங்கப்பட்டபின், பரிசு அட்டைகள் கடைத்தெருவிலிருந்து இணையத்துக்குப் பரவின. தீபாவளி, பொங்கல் ஆகிய விழாக்களின்போது நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு இனிப்புப் பெட்டிக்கு மாற்றாகப் பரிசு அட்டை வழங்குவதும் வழக்கமாயிற்று. இவ்வாறு சொந்தக் கடனட்டை இல்லாத பலரும், தாம் கேட்டுப் பெறாமலேயே ஓர் அட்டைக்கு உரியவர் ஆகின்றனர்.

வகைகள்

பயன்படும் இடத்தைக் கொண்டு பரிசு அட்டைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒரே நிறுவனத்தின் அட்டை: அட்டையை வெளியிட்ட நிறுவனத்தின் கடைகளிலும் இணையத்தளத்திலும் மட்டும் செல்லும். துணிக்கடை, நகைக்கடை, புத்தகக் கடை ஆகியவை தாமே வெளியிட்டுத் தாமே ஏற்கும் அட்டைகள் இவ்வகையின. இவை மூடிய வகை எனப்படுகின்றன.

குறிப்பிட்ட பல கடைகளுக்கான அட்டை: வெளியிட்ட நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்ட கடைகளில் மட்டும் செல்லும். எந்தெந்தக் கடைகள் என்பது அட்டையுடன் வரும் பட்டியலில் இருக்கும்.

வங்கிப் பரிசு அட்டை: வங்கிகள் ரூபே, விசா, மாஸ்டர்கார்டு ஆகிய வலையமைப்புகளின்கீழ் வெளியிடுபவை. பதினாறு இலக்க எண், காலாவதி மாதம், பின்புறத்தில் மூன்று இலக்க மறை எண் ஆகியவற்றுடன் தோற்றத்தில் பற்று அட்டையை ஒத்திருக்கும். அவ்வலையமைப்பை ஏற்கும் எந்த இந்தியக் கடையிலும் பொதுவாகப் பயன்படும். ஆனால் தானியங்கிப் பண இயந்திரத்தில் பணம் எடுக்க இயலாது.

கட்டண முகவரி பற்றிய ஐயம் பெரும்பாலும் மூன்றாம் வகைக்கே எழுகின்றது. முதல் வகை அட்டையின் எண்ணைக் கடையின் பக்கத்தில் உள்ளிட்டவுடன் தொகை வாடிக்கையாளரின் கணக்கில் சேர்ந்துவிடும். அல்லது மொத்தத் தொகையிலிருந்து கழிக்கப்படும். அங்கு அட்டையின் முகவரி என ஒன்று கேட்கப்படுவதில்லை. மூன்றாம் வகையைக் கடையின் கணினி சாதாரண வங்கி அட்டையாகவே கருதுவதால், சாதாரண வங்கி அட்டைக்குக் கேட்கும் அனைத்தையும் கேட்கின்றது.

ரிசர்வ் வங்கியின் விதிகள்

இந்தியாவில் பணப் பரிமாற்ற அமைப்புகள், பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007 என்னும் சட்டத்தின்கீழ் வருகின்றன. முன்கூட்டியே பணம் ஏற்றப்படும் அட்டைகளும் பணப்பைகளும் இதில் முன்செலுத்து கருவிகள் எனப்படுகின்றன. இவற்றுக்கான முதல் விரிவான வழிகாட்டுதல்களை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஏப்ரலில் வெளியிட்டது. பின்னர் 2017 அக்டோபரிலும் 2021 ஆகஸ்டிலும் அவை முழுமையாகத் திருத்தி வெளியிடப்பட்டன.

2021 ஆகஸ்ட் 27 ஆம் நாளின் வழிகாட்டுதல்கள் பரிசு வகைக் கருவிகளுக்கு வகுத்த முக்கிய விதிகள் பின்வருமாறு:

* ஓர் அட்டையின் உயர்ந்த மதிப்பு 10,000 ரூபாய்.
* ஒருமுறை ஏற்றிய அட்டையில் மீண்டும் பணம் ஏற்ற இயலாது.
* அட்டையிலிருந்து பணமாக எடுக்கவோ, வேறு கணக்குக்கு மாற்றவோ இயலாது.
* அட்டையை வாங்குபவரின் அடையாள விவரங்களை வெளியிடும் நிறுவனம் வைத்திருத்தல் வேண்டும். இந்திய வங்கிக் கணக்கிலிருந்தோ கடனட்டையிலிருந்தோ பணம் செலுத்தி வாங்குவோருக்குத் தனியான அடையாளச் சரிபார்ப்பு தேவையில்லை.
* முன்செலுத்து கருவிகளின் செல்லுபடிக் காலம் குறைந்தது ஓராண்டு இருத்தல் வேண்டும்.

நான்காவது விதி கட்டண முகவரிச் சிக்கலின் வேர் எனலாம். வங்கியின் ஏட்டில் இருப்பது வாங்கியவரின் விவரம். பெற்றவரின் விவரம் வங்கிக்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக, குரோம்பேட்டையில் வசிக்கும் ஒருவர் தம் வங்கியில் 2,000 ரூபாய்க்கு அட்டை வாங்கிச் சேலையூரில் வசிக்கும் தம் அக்கா மகளுக்கு அளித்தால், வங்கியின் பதிவில் இருப்பது குரோம்பேட்டை முகவரியே ஆகும். நிறுவனம் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்கு அளிக்கும் அட்டைகளில் வங்கியிடம் இருப்பது நிறுவனத்தின் விவரம் ஆகும்.

மேற்கண்ட விதிகள், ஒரு நிறுவனம் தன் கடைகளுக்கு மட்டும் வெளியிடும் மூடிய வகை அட்டைகளுக்குப் பொருந்தா. அவ்வகையைப் பணப் பரிமாற்ற அமைப்பாக ரிசர்வ் வங்கி கொள்வதில்லை. எனவே அவற்றின் செல்லுபடிக் காலத்தைக் கடையே முடிவு செய்கின்றது. அது ஆறு மாதமாகவும் இருக்கலாம். அட்டையைப் பெற்றவுடன் அதன் கடைசி நாளைப் பார்த்துக் குறித்துக்கொள்வது இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

முகவரி கேட்கப்படுவதன் காரணங்கள்

இணையக் கடை கேட்கும் முகவரிக்கு ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று பயன்கள் உள்ளன.

அட்டையைச் சரிபார்த்தல்

அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் முகவரிச் சரிபார்ப்பு முறை பரவலாக உள்ளது. வாங்குபவர் எழுதும் முகவரியின் எண் பகுதிகள், அதாவது கதவு எண்ணும் அஞ்சல் குறியீடும், அட்டையை வெளியிட்ட வங்கியின் பதிவுடன் ஒப்பிடப்படுகின்றன. பொருந்தாவிடில் கடை கொள்முதலை மறுக்கலாம். திருடப்பட்ட அட்டையின் எண் மட்டும் தெரிந்த ஒருவருக்கு உரியவரின் முகவரி தெரியாது என்பதே இம்முறையின் அடிப்படை. பரிசு அட்டைக்கு உரியவரின் முகவரி என ஒன்று இல்லாமையால் இச்சோதனையில் அது தோல்வியுறுகின்றது. இதனால் அந்நாடுகளில், அட்டையைப் பயன்படுத்தும் முன்னர் அதனை வெளியிட்ட நிறுவனத்தின் தளத்தில் தம் அஞ்சல் குறியீட்டைப் பதிந்துகொள்ளும் வசதி அளிக்கப்படுகின்றது.

இந்தியா வேறு வழியைப் பின்பற்றுகின்றது. அட்டையை நேரில் காட்டாமல் செய்யும் கொள்முதல்களுக்கு, அட்டையின்மேல் காணப்படாத கூடுதல் அடையாளம் ஒன்று கட்டாயம் என 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அவ்வாணை 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., இதன் வழிவந்ததாகும். எனவே இந்தியக் கடையில் இந்திய அட்டையைப் பயன்படுத்தும்போது, கொள்முதல் நிறைவேறுவதைப் பொதுவாக முடிவு செய்வது ஓ.டி.பி.யே அன்றி முகவரி அன்று.

வரிப்பட்டியல்

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு பொருள் ஒரே மாநிலத்துக்குள் விற்கப்பட்டால் மத்திய வரி, மாநில வரி என இரண்டாகவும், மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்பட்டால் ஒருங்கிணைந்த வரி என ஒன்றாகவும் வரி கணக்கிடப்படுகின்றது. வாங்குபவரின் மாநிலம் எது என்பதைக் கடை அறிய வேண்டியுள்ளதால் முகவரி கேட்கப்படுகின்றது. வரிப்பட்டியலில் தமிழ்நாட்டின் குறியீட்டு எண் 33 ஆகும். கர்நாடகக் கிடங்கிலிருந்து தாம்பரத்துக்கு வரும் பொருளின் பட்டியலில் ஒருங்கிணைந்த வரியும், தமிழ்நாட்டுக் கிடங்கிலிருந்து வருவதில் இரு வரிகளும் காணப்படுவது இதனாலேயே. வாங்குபவர் செலுத்தும் மொத்தம் இதனால் மாறுவதில்லை. தாம்பரத்தின் ஊடாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் இவ்வரிக்கும் தொடர்பில்லை. அது பெருந்தெற்குப் பெருவழி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் ஆகும்.

பரிசு அட்டையை விற்பதற்கு வரி உண்டா என்பது பல ஆண்டுகளாக வழக்குக்குரியதாக இருந்தது. வவுச்சர் பரிமாற்றம் சரக்கும் அன்று, சேவையும் அன்று, எனவே அதற்கு வரி இல்லை எனச் சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் 2024 டிசம்பரில் கூடிய தன் 55 ஆவது கூட்டத்தில் பரிந்துரைத்தது. அட்டையைக் கொண்டு வாங்கும் பொருளுக்கு வரி உண்டு.

பொருளைக் கொண்டு சேர்த்தல்

மூன்றாவது பயன் வெளிப்படையானது. பொருள் வந்து சேர வேண்டிய இடம் விநியோக முகவரி எனப்படும். இது கட்டண முகவரியிலிருந்து வேறாக இருக்கலாம். பல கடைகளில் "இரண்டும் ஒன்றே" என்னும் கட்டம் முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டிருக்கும். பிறருக்கு அனுப்பும்போது அதனை நீக்க வேண்டும்.

இம்மூன்றையும் தொகுத்து நோக்கினால், இந்தியக் கடையில் பரிசு அட்டையைப் பயன்படுத்துபவர் தம் சொந்தப் பெயரையும் தாம் வாழும் முகவரியையும் எழுதுவதே முறையும் போதுமானதும் ஆகும் என்பது விளங்கும். அட்டையை அளித்தவரின் முகவரியைத் தேட வேண்டியதில்லை. பொய்யான முகவரி எழுதுவதால் நன்மை எதுவும் இல்லை. மாறாக, வரிப்பட்டியலில் பிழையான பெயரும் முகவரியும் இடம்பெற்றால் உத்தரவாதம் கோரும்போதும் பொருளைத் திருப்பும்போதும் இடர்ப்பாடு உண்டாகலாம்.

தாம்பரம் பகுதி முகவரிகள்

தெற்குப் புறநகர்ப் பகுதிகளில் ஒரே வீட்டுக்கு அஞ்சல்துறை ஓர் ஊரையும் வருவாய்த்துறை மற்றோர் ஊரையும் கூறுவதால், முகவரிப் படிவத்தை நிரப்புவதில் தனியான குழப்பம் உண்டு.

தாம்பரம், அஞ்சல் முறையில் சென்னையைச் சேர்ந்தது. ஆனால் சென்னை மாவட்டத்தில் இல்லை. முன்னர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2019 நவம்பர் 29 இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. இதனால் ஒருவருடைய பழைய ஆவணத்தில் காஞ்சிபுரம் என்றும், புதிய ஆவணத்தில் செங்கல்பட்டு என்றும், மின்னஞ்சலில் வரும் பட்டியலில் சென்னை என்றும் காணப்படலாம். மூன்றும் ஒரே வீட்டையே குறிக்கும்.

அஞ்சல் குறியீட்டு எண் முறை இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 இல் தொடங்கப்பட்டது. ஆறு இலக்கங்களுள் முதல் இலக்கமான 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரத்தைக் குறிக்கின்றது. முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சல் நிலையத்தையும் குறிக்கின்றன. இப்பகுதியின் சில எண்கள் வருமாறு:

* பல்லாவரம் – 600043
* குரோம்பேட்டை – 600044
* தாம்பரம் – 600045
* தாம்பரம் சானடோரியம் – 600047
* வண்டலூர் – 600048
* கிழக்குத் தாம்பரம் – 600059
* சிட்லபாக்கம் – 600064
* சேலையூர் – 600073
* கூடுவாஞ்சேரி – 603202
* காட்டாங்குளத்தூர் – 603203

வண்டலூரைத் தாண்டித் தெற்கே செல்கையில் எண் 600 இலிருந்து 603 ஆக மாறுவதைக் காணலாம். கூடுவாஞ்சேரியில் வசிப்பவர் ஊர் என்னுமிடத்தில் சென்னை என எழுதி 603202 எனக் குறித்தால், சில தளங்கள் ஊரும் எண்ணும் பொருந்தவில்லை எனக் காட்டும். இணையக் கடைகளின் கணினிகள் பொதுவாக எண்ணைக் கொண்டே ஊரையும் மாநிலத்தையும் தாமே நிரப்புகின்றன. எனவே ஊர்ப்பெயரை விட எண்ணைச் சரியாக எழுதுவதே முதன்மையானது. வரியைப் பொறுத்தவரை மாநிலம் தமிழ்நாடு என்பது மட்டுமே கணக்கில் கொள்ளப்படுவதால், சென்னை எனினும் செங்கல்பட்டு எனினும் வரி வேறுபடாது.

பழைய எண், புதிய எண் என இரு கதவு எண்கள் உள்ள வீடுகளுக்கு, விநியோகம் செய்பவர் குழம்பாதவாறு இரண்டையும் எழுதுவது நன்று. சாய்கோட்டை ஏற்காத படிவங்களில் "பழைய எண்", "புதிய எண்" எனச் சொற்களால் எழுதலாம்.

பயன்படுத்தும் முறை

வங்கிப் பரிசு அட்டையைக் கொண்டு இணையத்தில் வாங்கும்போது பின்பற்றத்தக்க படிகள் வருமாறு:

# அட்டையுடன் வந்த தாளில் செல்லுபடி நாள், இருப்பு அறியும் முறை, வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றைக் காண்க. தேவையாயின் அட்டையைச் செயற்படுத்துக.
# எந்தக் கைபேசி எண் அட்டையுடன் பதிவாகியுள்ளது என அறிக. அட்டையை வாங்கியவரின் எண் பதிவாகியிருப்பின் ஓ.டி.பி. அவருக்கே செல்லும். வெளியிட்ட நிறுவனம் அனுமதித்தால் எண்ணை மாற்றிக்கொள்க. இல்லையெனில் வாங்கியவரை உடன் வைத்துக்கொண்டு கொள்முதலைச் செய்க.
# இருப்பைச் சரிபார்க்கவும். விநியோகக் கட்டணம் உட்பட மொத்தத் தொகை இருப்புக்குள் இருத்தல் வேண்டும்.
# பணம் செலுத்தும் பக்கத்தில் கடனட்டை அல்லது பற்று அட்டைக்கான பகுதியைத் தெரிவு செய்க. கடையின் சொந்தப் பரிசு அட்டைக்கான கட்டத்தில் வங்கி அட்டையின் எண்ணை எழுதினால் அது ஏற்கப்படாது.
# அட்டையில் உள்ள பெயர் என்னும் கட்டத்தில், அட்டையில் பெயர் இருப்பின் அதனையும், இல்லாவிடில் தம் பெயரையும் எழுதுக.
# கட்டண முகவரியில் தம் முகவரியை எழுதுக.

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, புதிய வங்கி அட்டைகளை இணையத்தில் பயன்படுத்த உரியவர் அவ்வசதியைத் தாமே திறந்துகொள்ள வேண்டும். பரிசு அட்டைகளுக்கு இது கட்டாயமாக்கப்படவில்லை. எனினும் சில நிறுவனங்கள் பரிசு அட்டைகளுக்கும் இதனைக் கடைப்பிடிக்கக்கூடும் என்பதால், முதல் முயற்சி தோல்வியுற்றால் இதனையும் பார்த்தல் வேண்டும்.

மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்குப் பரிசு அட்டை ஏற்றதன்று. இருப்பு தீர்ந்தவுடன் சந்தா நின்றுவிடும். மீண்டும் பணம் ஏற்றவும் இயலாது.

தொகை போதாமையும் மீதித்தொகையும்

பரிசு அட்டைவழிக் கொள்முதல் தடைபடுவதற்கு முகவரியைவிடத் தொகை போதாமையே பல வேளைகளில் காரணமாகின்றது. 1,000 ரூபாய் அட்டையைக் கொண்டு 980 ரூபாய்ப் பொருளை வாங்கும்போது 49 ரூபாய் விநியோகக் கட்டணம் சேர்ந்தால் மொத்தம் 1,029 ரூபாய் ஆகின்றது. வங்கி அட்டைக்கான பக்கம் இருப்பில் உள்ள 1,000 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியைக் கேட்பதில்லை. முழுக் கொள்முதலையும் மறுத்துவிடுகின்றது. மறுப்புச் செய்தியில் காரணம் தெளிவாக இராமையால், முகவரி தவறு என எண்ணி மீண்டும் மீண்டும் மாற்றி எழுதுவோர் உண்டு. கடையின் சொந்தப் பரிசு அட்டையாயின் பொதுவாக இத்தடை இல்லை. குறையும் தொகையை வேறு வழியில் செலுத்தலாம்.

கொள்முதலுக்குப்பின் எஞ்சும் சிறு தொகையும் கவனத்துக்குரியது. 37 ரூபாய், 112 ரூபாய் என எஞ்சுபவை பணமாகக் கிடைக்கா. பலர் அவற்றை மறந்துவிடுகின்றனர். எஞ்சிய தொகையைப் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. கைபேசி ரீசார்ஜ் போன்று, இருப்புக்குள் அடங்கும் சிறு தொகைச் சேவைகளைத் தெரிவு செய்வது ஒன்று. நேரடிக் கடைக்குச் சென்று, இருப்பில் உள்ள சரியான தொகையை மட்டும் அட்டையில் எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகப் பெறும்படி காசாளரிடம் கேட்பது மற்றொன்று. பின்னதற்கு இருப்பைப் பைசா வரை சரியாக அறிந்திருத்தல் வேண்டும்.

பொருளைத் திருப்புதல்

அட்டை தீர்ந்துவிட்டது எனக் கருதி அதனை எறிந்துவிடுவது பொதுவான தவறு ஆகும். கொள்முதல் தோல்வியுற்றாலோ பொருள் திருப்பப்பட்டாலோ, முன்செலுத்து கருவியிலிருந்து எடுக்கப்பட்ட தொகை அதே கருவியில் திரும்பச் சேர்க்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே வாங்கிய பொருளைத் திருப்புவதற்கான காலம் முடியும்வரை அட்டையையும் அதன் எண்ணையும் பாதுகாத்தல் வேண்டும்.

இணையக் கொள்முதலில் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்பட்டுக் கடைக்கு உறுதிச் செய்தி செல்லாவிடில், ஐந்து நாள்களுக்குள் அத்தொகை தானாகத் திரும்ப வேண்டும் எனவும், அதற்குமேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும் எனவும் 2019 செப்டம்பர் 20 ஆம் நாளின் சுற்றறிக்கை கூறுகின்றது.

வெளிநாட்டு அட்டைகள்

வெளிநாட்டில் வாழும் உறவினர் அனுப்பும் பரிசு அட்டைகள் இப்பகுதிக் குடும்பங்களில் ஏமாற்றத்துக்குக் காரணமாவதுண்டு. அமேசானின் அமெரிக்கத் தளத்தில் வாங்கிய பரிசு அட்டை இந்தியத் தளத்தில் செல்லாது. இந்தியத் தளத்தின் அட்டை அமெரிக்கத் தளத்திலும் செல்லாது. கூகுள் பிளே, ஆப்பிள் ஆகியவற்றின் அட்டைகளும் பயனரின் கணக்கு எந்நாட்டுக்குரியதோ அந்நாட்டு அட்டையாக இருத்தல் வேண்டும். உறவினர் தாம் வாழும் நாட்டிலிருந்தே இந்தியத் தளத்துக்குச் சென்று, அங்கு அட்டையை வாங்கி அனுப்புவது இதற்குத் தீர்வாகும்.

மறுதலையாக, இந்தியப் பரிசு அட்டையைக் கொண்டு வெளிநாட்டுக் கடைகளில் வாங்கவும் இயலாது. 2021 ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்நியச் செலாவணி உரிமம் பெற்ற வங்கிகள் வெளியிட்ட, முழு அடையாளச் சரிபார்ப்புச் செய்யப்பட்ட முன்செலுத்து கருவிகளுக்கு மட்டுமே அவ்வசதி உண்டு. ஐந்து இலக்க அமெரிக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும் கட்டத்தில் ஆறு இலக்க இந்திய எண் பொருந்தாது. அதற்காகக் கற்பனையான அமெரிக்க முகவரி ஒன்றை எழுதுவது கடைகளின் நிபந்தனைகளுக்கு மாறானது. கணக்கு முடக்கப்பட்டு அதிலுள்ள தொகையும் கைக்கு எட்டாமற் போகலாம்.

மோசடிகள்

முகவரியற்ற தன்மையே பரிசு அட்டையை மோசடிக்காரர்களுக்கு உகந்ததாக்குகின்றது. அட்டையின் எண்ணும் மறை எண்ணும் யாரிடம் உள்ளனவோ அவரே பணத்துக்கு உரியவர் போன்றவர் ஆகின்றார். பிற மின்பணப்பைகளுக்குக் கட்டாயமான கூடுதல் அடையாளச் சோதனையிலிருந்து பரிசுக் கருவிகளுக்கு 2021 ஆம் ஆண்டு விதிகள் விலக்களித்தன. எனவே ஓ.டி.பி. இன்றியே செலவாகக்கூடிய அட்டைகளும் உண்டு. செலவான பின்னர் பணத்தை மீட்பது கடினம். பரவலாகக் காணப்படும் மோசடி முறைகள் சில:

* மேலதிகாரி அல்லது கல்லூரித் துறைத்தலைவர் பெயரில் செய்தி அனுப்பி, அவசரமாகப் பரிசு அட்டைகளை வாங்கி எண்களை அனுப்பும்படி கேட்பது.
* காவல்துறை, சுங்கத்துறை அல்லது வங்கி அலுவலர் எனக் கூறி, அபராதத்தைப் பரிசு அட்டையாகச் செலுத்தச் சொல்வது. எந்த அரசு அலுவலகமும் வங்கியும் பரிசு அட்டையாகப் பணம் பெறுவதில்லை.
* அட்டையின் இருப்பைக் காட்டுவதாகக் கூறும் போலித் தளங்களை அமைத்து எண்களைத் திருடுவது.
* கடையில் தொங்கும் அட்டையின் சுரண்டல் பகுதியை முன்னரே சுரண்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் மூடிவைப்பது.

பரிசு அட்டையின் எண்ணை ரொக்கப் பணத்தைப் போலவே கருதிப் பாதுகாத்தல் வேண்டும். அதன் படத்தைச் சமூக வலைத்தளங்களில் இடலாகாது.

முறையீடு

இணைய மோசடியில் பணம் இழந்தவர்கள் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்கலாம். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கப்படுகின்றதோ அவ்வளவுக்குப் பணம் தடுத்து நிறுத்தப்படும் வாய்ப்பு மிகுதி.

வங்கியோ ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமோ வெளியிட்ட அட்டையில் குறை நேர்ந்தால், முதலில் அந்நிறுவனத்திடம் எழுத்து வடிவில் முறையிட வேண்டும். முப்பது நாள்களுக்குள் விடை கிடைக்காவிடினும், விடை நிறைவளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்கான ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பர் 12 இல் தொடங்கப்பட்டது.

கடை தானே வெளியிட்ட மூடிய வகை அட்டைக்கு இவ்வழி பொருந்தாது. அதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915 ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி முறையீட்டாளர் தாம் வாழும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கடையின் தலைமையகம் பெங்களூரிலோ மும்பையிலோ இருப்பினும் தாம்பரத்தில் வசிப்பவர் அங்குச் செல்ல வேண்டியதில்லை. இவ்விடத்தில் மட்டும், சென்னை என்னும் அஞ்சல் முகவரியைவிடச் செங்கல்பட்டு என்னும் மாவட்டப் பெயரே கருத்தில் கொள்ளப்படுகின்றது.

முறையீட்டின்போது அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், கொள்முதல் நாள், தொகை, கடையின் வரிப்பட்டியல் ஆகியவை தேவைப்படும். வரிப்பட்டியலில் உள்ள பெயரும் முகவரியும் முறையீட்டாளருடையனவாக இருப்பின், பெயரற்ற அட்டையைப் பயன்படுத்தியவர் தாமே என்பதற்கு அதுவே சான்றாகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* இணையவழி வணிகம்
* கடனட்டை
* பற்று அட்டை
* அஞ்சல் குறியீட்டு எண்
* சரக்கு மற்றும் சேவை வரி
* தாம்பரம் மாநகராட்சி
* மொய்